ரெஃபரன்ஸ், நோட்ஸ் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல வச்சிருக்கவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

மூணாம்வருசம்
வணக்கம் மக்களே. ஆய்வுல மூணாவது வருசம் ஓடிட்டிருக்கு, பிடிஎஃப் மட்டும் சில நூறு சேர்ந்துடுச்சு. இதுவரைக்கும் ஒரு ரெஃபரன்ஸ் மென்பொருள்ல தான் எல்லாம் இருந்துச்சு, பேர் வேணாம், புது வெர்ஷனுக்கு மாறுனதும் ஹைலைட்ல பாதி காணோம், ஓரத்துல எழுதுன குறிப்பெல்லாம் அந்த ஆப்புக்குள்ள மட்டும் தான் தெரியுது, வெளிய எடுக்க வழியில்ல, கேட்டா ரெடிமேட் பதில் வருது. வெறுத்துப்போச்சு. இனிமே எந்த எடிட்டர்லயும் திறக்குற மாதிரி சாதா டெக்ஸ்ட்ல வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆய்வேட்டை அச்சுக்கு அமைக்கிற லேடெக் ஓரளவு தெரியும், கமாண்ட் லைன்னா பயம் இல்ல.

சந்தேகம் இதான். ரெஃபரன்ஸ் விவரம் வைக்கிற பிப் ஃபைல் எல்லாத்துக்கும் ஒண்ணா, அத்தியாயத்துக்கு ஒண்ணா? குறிப்பை எங்க எழுதுறது, பிப் ஃபைலுக்குள்ளயேவா வெளியவா? ஏற்கெனவே பிடிஎஃப்ல போட்ட ஹைலைட்டை எப்படி வெளிய எடுக்குறது? அப்புறம் முக்கியமா, ஈமேக்ஸ் எடிட்டர் கத்துக்கிட்டே ஆகணுமா? கூட படிக்கிறவன் ஒருத்தன் ஈமேக்ஸ் இல்லாம இதெல்லாம் நடக்காதுன்னு சத்தியம் பண்றான்.

கருந்திரை
நான் ஈமேக்ஸ் ஆளு தான், ஆனா உங்க நண்பர் சொல்றது சும்மா. ஈமேக்ஸ், விம், விஎஸ் கோட், எதுல வேணா பண்ணலாம். கருவியை அப்புறம் பாருங்க, முதல்ல உங்க கிட்ட இருக்குறது மூணு தனித்தனி சாமான்னு பிரிச்சுக்கங்க. ஒண்ணு, நூல் விவரம், அதாவது யார் எழுதுனது எந்த இதழ் எந்த வருசம்னு இருக்குற பிப் ஃபைல். ரெண்டு, பிடிஎஃப். மூணு, நீங்க எழுதுற குறிப்பு. மூணையும் ஒரே டேட்டாபேஸ்ல போட்டுக் கட்டி வச்சதால தான் ஒண்ணு கெட்டதும் எல்லாம் சேர்ந்து போச்சு.

மூணையும் சேர்க்குற ஒரே கயிறு சைட் கீ, அதாவது சுட்டும்போது எழுதுற சின்ன அடையாளப் பேர். பிப் ஃபைல்ல எண்ட்ரிக்கு என்ன கீயோ அதே தான் பிடிஎஃப் ஃபைலோட பேர், அதே தான் நோட் ஃபைலோட பேர். கீ தெரிஞ்சா மூணும் கைக்கு வந்துடும், எந்த மென்பொருளும் வேண்டாம். அதனால கீயை ஒரு தடவை வச்சா வச்சது தான். ஆசிரியர் பேர், வருசம், தலைப்புல இருந்து ஒரு சொல், போதும். உள்ள இடைவெளி, கமா, அடைப்புக்குறி எதுவும் வேணாம், சிற்றெழுத்துலயே வைங்க. ஏன்னா சில சிஸ்டம்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற ஃபைல், சிலதுல ரெண்டும் ஒண்ணு, மெஷின் மாத்தும்போது தான் அந்த தலைவலி தெரியும்.

கீக்குள்ள தலைப்பு வகையோ அத்தியாய நம்பரோ திணிக்காதீங்க. ரெண்டாவது அத்தியாயத்துக்குன்னு எடுத்த கட்டுரை அஞ்சாவதுக்கு போகும். கீ அடையாளம் மட்டும் தான், வகைப்படுத்துற வேலை அதுக்கு கிடையாது.

ஒரே பிப் ஃபைல் போதும். சில ஆயிரம் எண்ட்ரி இருந்தாலும் சில எம்பி தான் வரும், எந்த எடிட்டரும் திணறாது. அத்தியாயத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சீங்கன்னா ஒரே கட்டுரை மூணு ஃபைல்ல இருக்கும், ஒண்ணுல பக்க எண்ணை திருத்துவீங்க மத்த ரெண்டுல திருத்த மாட்டீங்க, கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கும்போது லேடெக்குக்கு ரெஃபரன்ஸ் லிஸ்ட் போட்டுத் தர்ற பிப்டெக்ஸ் ரிப்பீட்டட் எண்ட்ரின்னு கத்தும்.

நூலகப்பூனை
கருந்திரை சொன்னதுல ஒரு வரி கூட மாத்தாம ஒத்துக்கிறேன். குறிப்பை பிப்புக்குள்ள எழுதலாமான்னு கேட்டீங்க இல்ல, அதுல ஒரு பொறி இருக்கு. பிப்டெக்ஸ்ல நோட்னு ஒரு ஃபீல்டு இருக்கு, பேரைப் பாத்தா நம்ம குறிப்பு எழுதத்தான்னு தோணும். ஆனா வழக்கமான ஸ்டைல்கள்ல அந்த ஃபீல்டு அப்படியே ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அச்சாகும். "இந்த ஆளு மூணாம் பகுதியில சும்மா அளந்து விடுறாரு"ன்னு அதுல எழுதி வச்சீங்கன்னா கைடு கைக்குப் போற காப்பியிலயும் அது இருக்கும்.

அதுக்குன்னே அன்னோட்னு தனி ஃபீல்டு இருக்கு, சாதா ஸ்டைல்கள் அதைக் கண்டுக்காது, குறிப்புரையோட நூற்பட்டியல் போடுற ஸ்டைல்கள் மட்டும் எடுத்துக்கும். நீங்களா ஒரு பேர் வச்சு புது ஃபீல்டு போட்டாலும் பிப்டெக்ஸ் கண்டுக்காம போயிடும். ரெண்டு வரின்னா அங்க எழுதலாம், அதுக்கு மேல வேண்டாம். உள்ள ஒரு அடைப்புக்குறி மூடாம விட்டுட்டீங்கன்னா அதுக்கு கீழ இருக்குற எண்ட்ரி எல்லாம் குழம்பிடும், எரர் வேற எங்கயோ ஒரு வரியைக் காட்டும், தேடித் தேடி கண்ணு போயிடும்.

மூணாம்வருசம்
நோட் ஃபீல்டு மேட்டர் நல்லவேளை இப்பவே தெரிஞ்சது. பிப் ஒண்ணு, பிடிஎஃப் ஃபோல்டர் ஒண்ணு, நோட் ஃபோல்டர் ஒண்ணு, சரி. ஆனா சில நூறு எண்ட்ரியையும் கையால டைப் அடிக்கணுமா?

சோம்பேறி_ஸ்காலர்
அடிக்க வேணாம், ஜோட்டெரோ போட்டுக்கங்க. 😀 ஏன் எல்லாரும் ரெஃபரன்ஸ் மேனேஜர்னாலே ஓடுறீங்கன்னு புரியல. ஜோட்டெரோ 2006ல இருந்து இருக்கு, ஓப்பன் சோர்ஸ், டேட்டாபேஸ் வெறும் எஸ்க்யூலைட் ஃபைல், ஜோட்டெரோவை மூடிட்டு திறந்து பாக்கலாம், யாரும் பூட்டு போடல. பிரௌசர்ல ஒரு பட்டனை அழுத்துனா விவரம், பிடிஎஃப் ரெண்டும் வந்துடும். பெட்டர் பிப்டெக்ஸ்னு ஒரு ப்ளகின் இருக்கு, நீங்க சொல்ற ஃபார்முலால சைட் கீ அதுவே போடும், பிப் ஃபைலை அதுவே அப்பப்ப புதுப்பிச்சு வைக்கும். டெக்ஸ்ட் ஃபைல் காதலர்கள் பாதி பேர் ரகசியமா இதைத்தான் ஓட்டுறாங்க.

கருந்திரை
ரகசியம் எல்லாம் இல்ல, நானே சொல்றேன், சேகரிக்க ஜோட்டெரோ நல்ல சாமான். ஆனா ரெண்டு விசயம். ஜோட்டெரோ 6 வெர்ஷன்ல இருந்து உள்ளயே பிடிஎஃப் ரீடர் வந்துச்சு, அதுல போடுற ஹைலைட் பிடிஎஃப் ஃபைலுக்குள்ள போகாது, டேட்டாபேஸ்ல தான் போய் உக்காரும். வெளிய எடுக்க வழி இருக்கு, ஹைலைட்டை எல்லாம் சேத்து ஒரு நோட்டா மாத்தி மார்க்டவுனா, அதாவது சின்னச் சின்னக் குறி போட்ட சாதா டெக்ஸ்ட்டா எக்ஸ்போர்ட் பண்ணலாம், பிடிஎஃப்குள்ளயே எழுதி வெளிய அனுப்பவும் முடியும், ஆனா நீங்களா பண்ணா தான் நடக்கும். நம்ம மூணாம்வருசத்துக்கு இப்ப நடந்தது என்ன? குறிப்பு எங்க இருக்குன்னு தெரியாம இருந்தது தானே.

ரெண்டாவது, தானா புதுப்பிக்கிற பிப் ஃபைலைக் கையால தொடக்கூடாது. அடுத்த தடவை அது எழுதும்போது உங்க திருத்தம் எல்லாம் காலி. திருத்தணும்னா ஜோட்டெரோ உள்ள போய் திருத்தணும். எது மூலம், எது நகல்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. ஜோட்டெரோ மூலம்னா பிப் வெறும் நகல். பிப் மூலம்னா ஜாப்ரெஃப் பாருங்க, அதுக்குன்னு தனி டேட்டாபேஸே கிடையாது, பிப் ஃபைலைத்தான் திறந்து அதையே சேவ் பண்ணும். அப்புறம் பெட்டர் பிப்டெக்ஸ்ல கீயை பின் பண்ணி வைங்க, இல்லன்னா ஆசிரியர் பேர்ல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துனா கீயும் சேந்து மாறிடும், நோட் ஃபைல் அநாதையா நிக்கும்.

குழாய்வழி
கையால அடிக்கவும் வேணாம், ஜோட்டெரோவும் வேணாம்னா டிஓஐ, அதாவது கட்டுரைக்குன்னு இருக்குற நிரந்தர அடையாள எண் போதும். டிஓஐ டாட் ஓஆர்ஜி முகவரியோட கட்டுரையோட டிஓஐயைச் சேத்து கர்ல் கமாண்ட்ல குடுங்க, அக்செப்ட் ஹெட்டர்ல பிப்டெக்ஸ் வேணும்னு சொல்லுங்க, ரீடைரக்டைப் பின்தொடர்ற ஆப்ஷனையும் மறக்காம போடுங்க, வெப் பக்கத்துக்கு பதிலா பிப்டெக்ஸ் எண்ட்ரியே திரும்ப வரும். டிஓஐ பதியுற அமைப்புகளான கிராஸ்ரெஃப், டேட்டாசைட் ரெண்டுல பதிஞ்ச டிஓஐக்கும் வேலை செய்யும். டிஓஐ எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல வரிக்கு ஒண்ணா போட்டு லூப் விட்டா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பிப் ரெடி. நடுவுல ஒரு செகண்டு இடைவெளி விடுங்க, சர்வரைப் போட்டு அடிக்காதீங்க.

ஆனா வர்றதை அப்படியே நம்பாதீங்க. பதிப்பகம் என்ன குடுத்துச்சோ அது தான் வரும். தலைப்பு முழுக்க பெரிய எழுத்துல இருக்கும், சாய்வெழுத்து டேக் நடுவுல நிக்கும், ஆம்பர்சாண்ட் குறி தப்பா வரும், அது எஸ்கேப் பண்ணாம இருந்தா லேடெக் நின்னுடும். தலைப்புல ஒரு சுருக்கப் பேரோ ஊர்ப் பேரோ வந்தா அதை நெளிவு அடைப்புக்குள்ள போடணும், இல்லன்னா பல பிப்டெக்ஸ் ஸ்டைல் முதல் எழுத்து தவிர எல்லாத்தையும் சிற்றெழுத்தாக்கி டிஎன்ஏவைக் கூட சின்ன எழுத்துல அச்சடிக்கும். ஆசிரியர் ஃபீல்டுல ஒரு நிறுவனத்தோட பேரு வந்து அந்தப் பேருக்குள்ள ஆண்ட்ங்கிற சொல் இருந்தா பிப்டெக்ஸ் அதை ரெண்டு ஆசிரியரா வெட்டிடும். அங்கயும் ரெட்டை அடைப்பு தான் மருந்து. ஒற்றைப் பேர் மட்டும் வச்சிருக்கவங்க, இனிஷியல் முன்னாடி வர்றவங்க பேரையும் ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க, கமா போட்டு எது முன்ன எது பின்னன்னு நாம தான் சொல்லணும்.

கீயும் அது போடுறது ஒரு மாதிரி இருக்கும், பெரிய எழுத்து, அடிக்கோடு எல்லாம் வரும், உங்க விதிக்கு மாத்திக்கங்க. பிப்டெக்ஸ் டைடி, பிப்டூல் ரெண்டும் வரிசைப்படுத்தி ஒழுங்கா அடுக்கித் தரும், டூப்ளிகேட்டும் காட்டும்.

நூலகப்பூனை
ஒரு சின்ன கிளைக்கதை, விரும்பாதவங்க தாண்டிப் போங்க. இந்த டெக்ஸ்ட் ஃபைல் ரெஃபரன்ஸ் புதுசு இல்ல. 1978ல பெல் லேப்ஸ்ல மைக் லெஸ்க் ரெஃபர்னு ஒரு புரோகிராம் எழுதுனாரு. சதவீதக் குறி போட்டு ஏ எழுத்துன்னா ஆசிரியர், டி எழுத்துன்னா தலைப்பு, அவ்வளவு தான் ஃபார்மட். இன்னிக்கும் சில தளங்கள்ல எண்ட்நோட்டுக்குன்னு டவுன்லோட் பண்ற ஃபைலைத் திறந்து பாருங்க, அதே சதவீதக் குறி தான் நிக்கும்.

ரெஃபர்ல கீ கட்டாயம் கிடையாது. எழுதுற இடத்துல ரெண்டு மூணு சொல்லைப் போடணும், ஆசிரியர் பேர் தலைப்புல ஒரு சொல்னு, அதுவே டேட்டாபேஸ்ல தேடிப் பொருந்துறதை எடுத்துக்கும். கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா அதே ஆசிரியரோட இன்னொரு கட்டுரையை நாளைக்கு சேத்தா நேத்து வரைக்கும் ஒழுங்கா வந்த சைட்டேஷன் ரெண்டோட பொருந்தி நின்னுடும். 1985ல ஓரன் படாஷ்னிக் பிப்டெக்ஸ் எழுதும்போது எண்ட்ரிக்கு ஒரு கீன்னு ஆச்சு. அன்னிக்கு எழுதுன பிப் ஃபைல் இன்னிக்கும் திறக்கும், இன்னிக்கு பிப்டெக்ஸுக்கு பதிலா வந்த பைபர்ல ஓட்டுனாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். நாப்பது வருசம் தாண்டி திறக்குற ரெஃபரன்ஸ் ஆப் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

சோம்பேறி_ஸ்காலர்
நாப்பது வருசம் எதுக்குங்க, அவர் தீசிஸ் முடிஞ்சா போதும் 😂

மஞ்சள்கோடு
ஹைலைட் பத்தி யாரும் சொல்லலயே. பிடிஎஃப்ல ஹைலைட் போட்டா அந்தச் சொற்கள் எங்கயும் சேவ் ஆகுறதா நினைக்காதீங்க. பொதுவா ஃபைலுக்குள்ள இருக்குறது பக்கத்துல இந்த நாலு மூலைக்கு நடுவுல மஞ்சள் அடிங்கிற ஆயத்தொலைவு மட்டும் தான். வெளிய எடுக்குற கருவி அந்தக் கட்டத்துக்கு கீழ என்ன எழுத்து இருக்குன்னு பாத்து எடுத்துத் தருது. பிடிஎஃப்அன்னாட்ஸ்னு ஒரு பைத்தான் கருவி, பக்க எண்ணோட மார்க்டவுனா தரும், அதைத்தான் நான் ஓட்டுறேன். உங்க பழைய ஆப் ஹைலைட்டை பிடிஎஃப்குள்ளயே எழுதியிருந்தா இது எடுத்துடும், தன்னோட டேட்டாபேஸ்ல வச்சிருந்தா முதல்ல அந்த ஆப்ல இருந்தே அன்னொட்டேஷனோட பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பண்ற ஆப்ஷன் இருக்கான்னு தேடுங்க. ஒரு பிடிஎஃப்பை வேற ரீடர்ல திறங்க, மஞ்சள் தெரிஞ்சா உள்ள இருக்கு, தெரியலன்னா இல்ல. இதை முதல் வேலையா பண்ணுங்க, அந்த ஆப்பை அழிக்கிறதுக்கு முன்னாடி.

வர்ற டெக்ஸ்ட்ல குப்பை இருக்கும். வரி முடிவுல ஹைஃபன் போட்டு உடைஞ்ச சொல் உடைஞ்சே வரும். ரெட்டைப் பத்தி கட்டுரைன்னா சில சமயம் பக்கத்துப் பத்தியில இருந்து ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது, ஆங்கிலத்துல எஃப், ஐ ரெண்டும் பக்கத்துல வந்தா அச்சுல ஒட்டி ஒரே உருவா இருக்கும், காப்பி பண்ணா யூனிகோட்ல தனி எழுத்தா வந்து உக்காந்துக்கும். ஃபைல்ல சொல் தேடுற கிரெப் கமாண்ட்ல எஃபிஷியன்ட்னு தேடுனா அந்த வரி மாட்டாது, கண்ணுக்கு முன்னாடியே இருக்கும் ஆனா கிடைக்காது.

தமிழ்ல இன்னும் மோசம். "கொ"வுல வர்ற துணைக்குறி ஒரே குறியா இருக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் இருக்கலாம், திரையில ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், கிரெப்புக்கு வேற வேற. சில பிடிஎஃப்ல கொம்பு எழுத்துக்கு முன்னாடியே வந்து நிக்கும், பழைய ஃபான்ட்ல செஞ்சதுன்னா மொத்தமா ஆங்கில எழுத்துக் குவியல் தான். கொம்பு கால் பிரச்சினைக்கு என்எஃப்சி நார்மலைசேஷன், அதாவது எழுத்தை எல்லாம் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாத்துறது போதும், ஐசியூங்கிற யூனிகோட் மென்பொருளோட வர்ற யூகான்வ்ல ஒரு வரியில ஓட்டலாம். எஃப் ஐ ஒட்டுக்கு இன்னும் கடுமையான என்எஃப்கேசி வேணும், ஆனா அது மேல சின்னதா எழுதுன அடுக்கு எண்ணையும் சாதா எண்ணாக்கிடும், பத்தின் அடுக்கு ரெண்டு நூத்தி ரெண்டா நிக்கும், கணக்கு இருக்குற ஃபைல்ல ஓட்டாதீங்க. கொம்பு முன்ன நிக்கிற கேஸ், பழைய ஃபான்ட் கேஸ் ரெண்டுக்கும் நார்மலைசேஷன் உதவாது, அந்த வரியைக் கையால திரும்ப அடிக்கிறது தான் சீக்கிரம்.

வரிக்குவரி
மஞ்சள்கோடு சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. அந்த ஹைலைட்டை எல்லாம் எதுக்கு வெளிய எடுக்கணும்? சில நூறு பிடிஎஃப், ஒவ்வொண்ணுலயும் பக்கத்துக்கு நாலு மஞ்சள், அதை ஸ்கிரிப்ட் போட்டு மார்க்டவுன் ஆக்குனா உங்களுக்குக் கிடைக்கிறது அடுத்தவங்க எழுதுன வரியோட பெரிய குவியல். அதை யாரும் திரும்ப படிக்கிறதில்ல, நானும் படிக்கல நீங்களும் படிக்க மாட்டீங்க. எடுத்துக் காப்பாத்தி வைங்க சரி, ஆனா அதுக்கு நோட்ஸ்னு பேர் வைக்காதீங்க, தனி ஃபோல்டர்ல பச்சையா போட்டு மறந்துடுங்க. நோட் ஃபைல்ல நீங்க கையால எழுதுனது மட்டும் இருக்கட்டும்.

நான் எழுதுற மாதிரி ஒண்ணு கீழ போடுறேன், கீ சும்மா உதாரணத்துக்கு.

# முதலாசிரியர்2014தூக்கம்
படிச்சது: ப்ரீபிரின்ட், ரெண்டாம் வெர்ஷன். பக்க எண் எல்லாம் அதுலருந்து.
எதுக்கு: மறதிக்கும் தூக்கத்துக்கும் தொடர்புன்னு எல்லாரும் இதைத்தான் சுட்டுறாங்க, மூலத்துல என்ன இருக்குன்னு பாக்க.
ப.4 = தூக்க நேரம் ஆளுங்க தாங்களே சொன்னது, கருவி வச்சு அளக்கல.
ப.4 > இங்க அவங்க வரி அப்படியே, எழுத்து மாறாம.
ப.9 = தொடர்பு இருக்குன்னு மட்டும் தான் சொல்றாங்க, காரணம்னு எங்கயும் சொல்லல. சுட்டுறவங்க தான் அதைக் காரணமாக்கிட்டாங்க.
ப.11 ? வயசை ஏன் ரெண்டே பிரிவா வெட்டுனாங்க
பாக்க: @இன்னொருவர்2017நினைவு, இதே ஓட்டையை வேற வழியில தொடுறாங்க

அவ்வளவு தான். சமக்குறின்னா என் சொல், பெரிது குறின்னா அவங்க சொல், கேள்விக்குறின்னா சந்தேகம். மூணு குறியும் வரியில ஒரே இடத்துல, பக்க எண்ணுக்கு அடுத்து. இதை அலட்சியமா நினைக்காதீங்க. எது நான் சொன்னது எது அவங்க சொன்னதுன்னு பிரிக்காம எழுதி வச்ச குறிப்பை ஒரு வருசம் கழிச்சு எடுத்து அத்தியாயத்துல ஒட்டுனா, அந்த வரி அடுத்தவங்களோடதுன்னு எழுதுனவருக்கே தெரியாது, சாஃப்ட்வேர் பிடிச்சு காட்டும்போது தான் தெரியும். திருட்டுன்னு பேர் வாங்குறவங்கள்ல நிறைய பேர் திருடணும்னு நினைச்சவங்க இல்ல, குறிப்பு எழுதத் தெரியாதவங்க.

குறி ஒரே மாதிரி இருக்குறதால கிரெப் வேலை செய்யும். ரிப்கிரெப்ல பக்க எண்ணுக்கு அடுத்து கேள்விக்குறி வர்ற வரியைத் தேடுனா இத்தனை வருசம் எனக்கு வந்த சந்தேகம் எல்லாம் ஒரே திரையில, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஃபைல் பேர், ஃபைல் பேர் தான் கீ. கைடு அடுத்து என்ன பண்ணப்போறேன்னு கேட்டா நான் திறக்குறது அந்த லிஸ்ட்டைத்தான்.

வெர்ஷனை ஏன் முதல் வரியில போடுறேன்னா இதழ்ல வர்றதுக்கு முன்னாடி ஆர்க்கைவ் தளத்துல போடுற ப்ரீபிரின்ட்டுக்கும் இதழ்ல வந்ததுக்கும் பக்க எண் வேற, சில சமயம் முடிவே கொஞ்சம் வேற. எழுதும்போது இதழைச் சுட்டிட்டு ப்ரீபிரின்ட் பக்க எண்ணைப் போட்டா சரிபாக்குறவங்களுக்கு அந்த வரி அங்க இருக்காது.

மூணாம்வருசம்
வரிக்குவரி, இந்த சாம்பிளுக்கு ரொம்ப நன்றி, இதைத்தான் தேடிட்டிருந்தேன். ஹைலைட்டை சோதிச்சேன், பாதி பிடிஎஃப்ல மஞ்சள் உள்ளயே இருக்கு, மீதி அந்த ஆப்புல மாட்டிக்கிச்சு. எக்ஸ்போர்ட் மெனு எங்கயோ மூணாவது அடுக்குல ஒளிஞ்சிருந்துச்சு, ஓடிட்டிருக்கு.

ஒரு கட்டுரைக்கு ஒரு ஃபைலா, இல்ல எல்லாம் ஒரே பெரிய ஃபைலா? கூட படிக்கிறவன் ஈமேக்ஸோட ஆர்க் மோட்ல ஒரே ஃபைல்ல வச்சிருக்கான், மடிச்சு விரிச்சு காட்டுறான், பாக்க அழகா இருக்கு.

கருந்திரை
ஒரே ஃபைல் நல்லாத்தான் இருக்கும், ஆர்க் மோட்ல தலைப்பு தலைப்பா மடிச்சுக்கலாம், ஒவ்வொரு தலைப்புக்கும் கீயை ப்ராப்பர்ட்டியா போட்டுக்கலாம், டேக் ஒட்டலாம், படிச்சது படிக்காததுன்னு டூடூ நிலை கூட வைக்கலாம். அந்த வசதி மார்க்டவுன்ல இல்லவே இல்ல. நான் ஆரம்பத்துல இருந்து அப்படித்தான். 9.5 வெர்ஷன்ல, 2021ல, ஆர்க்குள்ளயே சைட்டேஷன் வசதி வந்துடுச்சு, சிட்டார்னு ஒரு பேக்கேஜ் போட்டா கீ மேல கர்சரை வச்சு பிடிஎஃப், நோட், வெப் பக்கம் எது வேணாலும் திறக்கலாம்.

குழாய்வழி
அங்க தான் ஒத்துக்க மாட்டேன். ஒரே ஃபைல்ல ரெண்டு மெஷின்ல எழுதி, மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட்ல சேத்தா மோதல் வரலாம், தனித்தனி ஃபைல்னா வெவ்வேற கட்டுரை வெவ்வேற ஃபைல், மோதவே மோதாது. கிரெப் பண்ணாலும் ஃபைல் பேரே கீயா வந்துடுது, ஒரே ஃபைல்ல வரி எண் மட்டும் தான் வரும், மேல ஏறி எந்தத் தலைப்புக்கு கீழ இருக்குன்னு பாக்கணும். ஈமேக்ஸ்குள்ளயே வாழ்றவங்களுக்கு அது கஷ்டம் இல்ல, மத்தவங்களுக்கு கஷ்டம்.

பாப்பிஸ்னு ஒரு கமாண்ட் லைன் கருவி இதையே இன்னும் ஒரு படி போய் கட்டுரைக்கு ஒரு ஃபோல்டர்னு வைக்கும், உள்ள ஒரு யாமல் ஃபைல்ல விவரம், பக்கத்துல பிடிஎஃப். நாளைக்கு பாப்பிஸ் இல்லாம போனாலும் ஃபோல்டர் ஃபோல்டரா தான் இருக்கும்.

கருந்திரை
மோதல் பாயின்ட் சரி தான், ரெண்டு மெஷின்னா தனித்தனி தான் நல்லது. ஒரே லேப்டாப்னா எது வேணா வச்சுக்கங்க.

குழாய்வழி
கிட்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, பிப்பும் நோட்ஸும் மட்டும் கிட்ல போடுங்க, பிடிஎஃப் ஃபோல்டரை கிட்இக்னோர்ல சேத்துடுங்க. பிடிஎஃப்ல ஒரு ஹைலைட் போட்டு கமிட் பண்ணாலும் நடைமுறையில முழு ஃபைலும் திரும்ப சேர்ற மாதிரி தான், வரலாறு ஊதிப்போயிடும், அப்புறம் உள்ளருந்து எடுக்குறது பெரிய ஆபரேஷன். கிட்டோடயே தான் வேணும்னா பெரிய ஃபைலைத் தனியா வைக்கிற கிட் அனெக்ஸ் பாருங்க, இல்லன்னா பிடிஎஃப்புக்கு சாதா பேக்கப் போதும். இன்னொரு விசயம், நோட்ஸ் ரெப்போவை பப்ளிக்கா போடுறவங்க இருக்காங்க, போடுங்க, ஆனா பிடிஎஃப்பைச் சேத்து போட்டா காப்புரிமை சிக்கல்.

சோம்பேறி_ஸ்காலர்
எல்லாம் நல்லாருக்கு. ஆனா ஒரு கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்கன்னா உங்க டெக்ஸ்ட் ஃபைல் எப்படிங்க சொல்லும்? ஜோட்டெரோ 2019ல இருந்து, வாபஸ் ஆன கட்டுரையைப் பட்டியல் போடுற ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸை வச்சு சரிபாத்து, வாபஸ் ஆன கட்டுரைன்னா சிவப்புல பட்டை போட்டு காட்டுது. சுட்டும்போதும் எச்சரிக்கும். உங்க பிப் ஃபைல் அது பாட்டுக்கு அமைதியா இருக்கும், நீங்களும் அமைதியா சுட்டுவீங்க, வைவாவுல ஒருத்தர் கேப்பாரு.

நூலகப்பூனை
இது நியாயமான அடி. டெக்ஸ்ட் ஃபைல் தானா எதையும் சொல்லாது. 2023ல கிராஸ்ரெஃப் அந்த டேட்டாபேஸை வாங்கி எல்லாருக்கும் திறந்து விட்டுடுச்சு, சிஎஸ்வியா கிடைக்கும். பிப்ல இருந்து டிஓஐ வரிசையை உருவி அதோட ஒப்பிட்டா போதும், வரிசைப்படுத்தி ரெண்டுலயும் பொதுவா இருக்குறதைக் காட்டுற காம் கமாண்டே செஞ்சுடும். டிஓஐல எழுத்து பெருசு சின்னது பேதம் கிடையாது, ஆனா காம் கமாண்டுக்கு உண்டு, அதனால முதல்ல எல்லாத்தையும் சிற்றெழுத்தாக்கிடுங்க. ஆனா ஒண்ணு, ஜோட்டெரோ கேக்காமலே சொல்லுது, இதை நீங்க ஞாபகம் வச்சு ஓட்டணும். சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு தடவை.

மஞ்சள்கோடு
கூட எழுதுறவங்க வேர்ட்ல தான் எழுதுவேன்னு நிப்பாங்களே, அதையும் யோசிச்சுக்கங்க. நீங்க மார்க்டவுன்ல எழுதி பாண்டாக் வச்சு வேர்ட் ஃபைலா மாத்திக் குடுக்கலாம், 2.11 வெர்ஷன்ல இருந்து சைட்டேஷன் வேலை உள்ளயே இருக்கு, சிஎஸ்எல் ஸ்டைல் ஃபைலை மட்டும் மாத்துனா இதழுக்கு இதழ் ரெஃபரன்ஸ் வடிவம் மாறிடும். போற பாதை சுகம். திரும்பி வர்ற பாதை தான் நரகம், அவங்க வேர்ட்ல திருத்தி அனுப்புனதும் உங்க கீ எல்லாம் வெறும் ஆசிரியர் வருசம் அடைப்புக்குறியா மாறி நிக்கும். அவங்க திருத்தத்தைப் பாத்து நீங்க மூல ஃபைல்ல கையால ஏத்துறது தான் இப்போதைக்கு நிம்மதியான வழி.

மூணாம்வருசம்
சரி, நான் எடுத்த முடிவு. புதுக் கட்டுரை சேகரிக்க ஜோட்டெரோ, கீ பின் பண்ணி, பிப் வெறும் நகல், கையால தொட மாட்டேன். கட்டுரைக்கு ஒரு மார்க்டவுன் நோட், வரிக்குவரியோட மூணு குறி. ஹைலைட் குவியல் தனி ஃபோல்டர்ல தூங்கட்டும். படிச்சது எல்லாத்துக்கும் நோட் எழுத உக்கார மாட்டேன், இனிமே திறக்குற கட்டுரைக்கு மட்டும் எழுதுறேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். எழுதி முடிச்ச ரெண்டு அத்தியாயத்துல பழைய ஆப் போட்ட கீ தான் இருக்கு, நீளமா அடிக்கோடெல்லாம் போட்டு. கைடு கையில வேற அந்த ஃபைல் இருக்கு, அவரும் அதுல எழுதிட்டிருக்காரு. எல்லாத்தையும் தேடி மாத்தணுமா?

குழாய்வழி
பழைய பிப்டெக்ஸுக்கு பதிலா பிப்லேடெக்கும் பைபரும் பயன்படுத்துறீங்கன்னா மாத்தவே வேணாம். எண்ட்ரில ஐடிஸ்னு ஒரு ஃபீல்டு போட்டு பழைய கீயை அதுல எழுதுங்க, ஒண்ணுக்கு மேலன்னா கமா போட்டு. பழைய கீயை வச்சு சுட்டுனாலும் புது எண்ட்ரியே வரும், லிஸ்ட்ல ரெட்டிப்பாவும் வராது. ஜோட்டெரோல அந்த வரியை எக்ஸ்ட்ரா பெட்டியில டெக்ஸ் ஃபீல்டா எழுதுனா பெட்டர் பிப்டெக்ஸ் எக்ஸ்போர்ட்ல கொண்டு வந்துடும். பழைய பிப்டெக்ஸ் தான்னா இந்த வசதி கிடையாது, சொல்லைத் தேடி மாத்துற செட் (sed) கமாண்ட்ல மாத்தணும், அதுக்கு கைடு அவர் காப்பியைத் திருப்பித் தர்ற வரைக்கும் காத்திருங்க, மாத்தும்போது முழுக் கீயும் பொருந்துதான்னு பாத்து மாத்துங்க, ஒரு கீ இன்னொரு கீயோட முன்பாதியா இருந்தா ரெண்டும் நாசமாகும்.

மூணாம்வருசம்
பிப்லேடெக் தான்! ஐடிஸ் போட்டு ஓட்டிப் பாத்தேன், ரெண்டு அத்தியாயமும் எரர் இல்லாம வந்துடுச்சு. கைடுக்குத் தெரியவே வேணாம் 🙏